இசை நாடகம் படிக்கப் போகும் பிள்ளைக்கு: தென்னாப்பிரிக்காவில் பத்தாம் வகுப்பிலிருந்து முதல் ஒப்பந்தம் வரை

தென்னாப்பிரிக்காவில் 'மியூசிக்கல் தியேட்டர்', அதாவது இசை நாடகம், என்ற பெயரில் பட்டப்படிப்பு தேடும் பிள்ளைகள் ஒரே மாலையில் சோர்ந்துபோகிறார்கள். அரசுப் பல்கலைக்கழகங்களில் அந்தப் பெயர் தாங்கிய படிப்புகள் மிகக் குறைவு. ஆகவே பெயரைத் தேடுவதை நிறுத்திவிட்டு, கால அட்டவணையைக் கேட்டு வாங்குங்கள். வாரத்தில் எத்தனை மணி நேரம் பாட வைக்கிறார்கள், எத்தனை மணி நேரம் ஆட வைக்கிறார்கள், எத்தனை மணி நேரம் நடிக்க வைக்கிறார்கள் என்பதுதான் ஒரு படிப்பின் உண்மையான பெயர்.

சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், பீட்டர்மாரிட்ஸ்பர்க், லெனேசியா எனத் தமிழர் வாழும் பகுதிகளின் வீடுகளில் கோயிலில் தேவாரம் பாடி, பரதநாட்டியம் கற்று, தமிழ் ஐஸ்டெட்ஃபாட் எனும் கலைப் போட்டிகளில் மேடையேறி வளர்ந்த பிள்ளைகளை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். இவர்களிடம் கைவசம் நிறையவே இருக்கிறது. அதைத் தேர்வுக் குழுவுக்குப் புரிகிற விதத்தில் காட்டுவதில்தான் தடுமாறுகிறார்கள்.

முதல் படி: எங்கே என்ன கிடைக்கிறது

இசை நாடகத்தை அந்தப் பெயரிலேயே நீண்ட காலமாகக் கற்பித்து வந்திருக்கும் அரசு நிறுவனம் பிரிட்டோரியாவில் உள்ள ட்ஷ்வானே தொழில்நுட்பப் பல்கலைக்கழகம். கலைகளுக்கென்று அதற்குத் தனி வளாகம் உண்டு. நாடு முழுவதும் பட்டயப் படிப்புகளைச் சீரமைத்தபோது படிப்புகளின் பெயர்கள் மாறின. பழைய மாணவர் சொல்லும் பெயரை நம்பாமல் இந்த ஆண்டின் கையேட்டைப் பாருங்கள்.

டர்பனிலேயே இருக்க விரும்புபவர்களுக்கு இரண்டு வழிகள். குவாசூலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் ஹோவர்ட் காலேஜ் வளாகத்தில் நாடகமும் இசையும் ஒரே இடத்தில் இருக்கின்றன. எலிசபெத் ஸ்னெடன் தியேட்டரும் அங்கேதான். 1980களிலிருந்து அங்கு ஜாஸ் கற்பிக்கப்படுகிறது. பேச்சுக்கு நெருக்கமான, மைக் முன் பாடும் குரலை வளர்க்க ஜாஸ் வகுப்பு நல்ல இடம். ஆட்டத்துக்கு வெளியே ஒரு வகுப்பை நீங்களே தேடிக்கொள்ள வேண்டியிருக்கலாம். இரண்டாவது, டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் நாடகத் துறை. கோர்ட்யார்ட் தியேட்டர் அவர்களுடைய மேடை. நடிப்போடு ஒளி, ஒலி, மேடை நிர்வாகமும் கைக்கு வரும். அந்தத் துணைத் திறமைகளை இளக்காரமாக நினைக்காதீர்கள். வேடம் கிடைக்காத மாதங்களில் வாடகை கட்டுவது அவைதான்.

ஜோகன்னஸ்பர்க்கில் விட்ஸ் பல்கலைக்கழகம் நாடகத்தையும் நிகழ்த்துகலையையும் நான்காண்டுப் பட்டமாகத் தருகிறது. பிரிட்டோரியா, ஸ்டெல்லன்போஷ், மகாண்டாவின் ரோட்ஸ் ஆகிய பல்கலைக்கழகங்களின் நாடகத் துறைகளும் பெயர் பெற்றவை. ரோட்ஸுக்கு ஒரு கூடுதல் வசதி: ஆண்டுதோறும் குளிர்காலத்தில் தேசியக் கலைவிழா நடப்பது அந்த ஊரில்தான்.

கேப்டவுன் பல்கலைக்கழகத்தில் 1910இல் தொடங்கிய தென்னாப்பிரிக்க இசைக் கல்லூரி இருக்கிறது. அங்கு ஆபரா பயிற்சி வலுவானது. ஆனால் ஆபராக் குரல் மைக் இல்லாமல் அரங்கின் கடைசி வரிசையை எட்டுவதற்காக வளர்க்கப்படுவது. இசை நாடகக் குரல் மைக்கோடு, சொற்களை முன்னிறுத்திப் பாடுவது. இரண்டும் பகையில்லை. என்றாலும் எதற்காகப் போகிறோம் என்று தெரிந்து போக வேண்டும்.

தனியார் பக்கம், கேப்டவுனில் வாட்டர்ஃப்ரண்ட் தியேட்டர் ஸ்கூலும் லூட்டிங் அலெக்சாண்டர் மியூசிக்கல் தியேட்டர் அகாடமியும் பாட்டு, ஆட்டம், நடிப்பு மூன்றையும் சேர்த்தே கற்பிக்கின்றன. திரைப்படமும் நிகழ்த்துகலையும் கற்பிக்கும் அஃப்டா நிறுவனத்துக்கு டர்பனிலும் கிளை உண்டு. தனியார் இடத்தில் பணம் கட்டும் முன் இரண்டு விஷயங்களைச் சரிபாருங்கள்: உயர்கல்வித் துறையில் அது பதிவு பெற்றிருக்கிறதா, அது தரும் சான்று தேசியத் தகுதிக் கட்டமைப்பில் எந்த நிலையில் இருக்கிறது. ஆறு என்றால் பட்டயம், ஏழு என்றால் பட்டம். எந்த நிலையிலும் பதிவாகாத சான்றிதழும் நல்ல பயிற்சியைத் தரலாம். ஆனால் பின்னாளில் ஆசிரியர் பயிற்சிக்கோ மேற்படிப்புக்கோ அதைக் காட்டி உள்ளே நுழைவது கடினம்.

எங்கே விசாரித்தாலும் மூன்று கேள்விகளை விடாதீர்கள். பாட்டு தனி வகுப்பா, கூட்டு வகுப்பா? ஆட்டப் பயிற்சி கடைசி ஆண்டு வரை தொடர்கிறதா, முதலாண்டோடு நின்றுவிடுகிறதா? படிக்கும் காலத்தில் ஒரு முழு இசை நாடகமாவது மேடையேறுகிறதா? மூன்றாவது கேள்விக்கு மழுப்பலான பதில் வந்தால் அடுத்த இடத்துக்குப் போங்கள்.

இரண்டாம் படி: பத்தாம் வகுப்பில் எடுக்கும் பாடங்கள்

ஒன்பதாம் வகுப்பு முடிவில் பாடங்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். டிராமாட்டிக் ஆர்ட்ஸ், மியூசிக், டான்ஸ் ஸ்டடீஸ் மூன்றும் மெட்ரிக் எனும் பன்னிரண்டாம் வகுப்பு இறுதித் தேர்வுக்கான பாடங்கள்தான். உங்கள் பள்ளியில் எது இருக்கிறதோ அதை எடுங்கள். எதுவும் இல்லையென்றாலும் கதவு மூடிவிடாது, பெரும்பாலான துறைகள் ஆடிஷனில்தான் ஆளைப் பார்க்கின்றன. ஆனால் பட்டப்படிப்புக்கான மெட்ரிக் தேர்ச்சி வேண்டும்: லைஃப் ஓரியண்டேஷன் நீங்கலாக நான்கு பாடங்களில் 50 சதவீதம், அத்துடன் மொழிகளுக்குரிய குறைந்தபட்ச மதிப்பெண்கள். இதன்மேல் ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தனக்கென்று புள்ளிக் கணக்கு வைத்திருக்கிறது. 80க்கு மேல் ஏழு புள்ளி, 70களுக்கு ஆறு என்று இறங்கும்.

இரண்டாம் மொழியாக இசிசூலு, அதாவது சூலு மொழி, எடுக்க முடிந்தால் எடுத்துவிடுங்கள். இந்நாட்டு இசை நாடகங்களில் இசிசூலு பாடல்கள் இயல்பாக வருகின்றன. சி, கியூ, எக்ஸ் எழுத்துகளுக்குரிய நாச்சொடுக்கு ஒலிகள் பதினைந்து வயதில் எளிதாகப் பழகும். ஒத்திகை அறையில் எல்லோர் முன்னாலும் முதன்முறையாக முயல்வது வேதனை.

மூன்றாம் படி: கோயிலில் பாடிய குரலை மேடைக்குப் பழக்குவது

இந்தப் படிக்கு இரண்டு ஆண்டுகளாவது ஒதுக்குங்கள்.

கர்நாடக இசை கற்ற பிள்ளையின் குரல் ஒரு சுருதியில் ஊன்றி நிற்கும். பெண் என்றால் ஐந்து, ஐந்தரை கட்டை, ஆண் என்றால் ஒன்று, ஒன்றரை. எந்தப் பாடலையும் தன் சுருதிக்குக் கொண்டுவந்து பாடிப் பழக்கம். இசை நாடகத்தில் சுருதியைத் தீர்மானிப்பது ஸ்கோர் எனும் எழுதிவைத்த இசைக்குறிப்பு. போதாக்குறைக்குக் கடைசி சரணத்தில் அரைக் கட்டையோ ஒரு கட்டையோ மேலே தாவும். ஷட்ஜம் நகர்ந்துவிட்டால் நம் பிள்ளைகள் திகைத்துவிடுகிறார்கள். இதற்கு மருந்து எளியது. தெரிந்த ஒரு கீர்த்தனையின் பல்லவியை ஐந்து கட்டையில் பாடுங்கள், மூச்சு விடாமல் ஐந்தரையில் பாடுங்கள், பிறகு ஆறில். பியானோவில் இவை ஜி, ஜி ஷார்ப், ஏ. தினமும் பத்து நிமிடம் போதும். தாவல் பயம் போய்விடும்.

அடுத்த சிக்கல் கமகம். ஸ்வரத்தை அசைத்துப் பாடுவது நமக்கு அழகு. பிராட்வே பாணிப் பாடலில் ஸ்வரம் நேராகப் பிறந்து, நீண்டபின் முடிவில் மட்டும் லேசாக அதிரும். கமகத்தை அழிக்க வேண்டியதில்லை. 'இப்போது நேராக' என்று நினைத்தவுடன் நேராகப் பாட வந்தால் போதும். அகார சாதகத்தை வெறும் நீண்ட ஸ்வரங்களாக, ட்யூனரைப் பார்த்துக்கொண்டு செய்யுங்கள்.

பெரிய இடைவெளி ஹார்மனியில்தான். பக்கத்தில் ஒருவர் வேறு ஸ்வரம் பாடும்போது உங்கள் ஸ்வரத்தை விடாமல் பிடித்திருப்பது ஒற்றை மெட்டுச் சங்கீதம் கற்ற காதுக்குப் புதிது. குழுப் பாடல்களில்தான் புதியவர்களுக்கு முதலில் வேலை கிடைக்கும் என்பதால் இதைத் தவிர்க்க வழியில்லை. பள்ளிப் பாடகர் குழுவில் சேருங்கள், அதுவும் மெட்டைப் பாடும் மேல்வரியில் இல்லாமல், துணை வரிகளான ஆல்ட்டோவிலோ டெனாரிலோ சேருங்கள். தென்னாப்பிரிக்கப் பாடகர் குழுக்களில் பல இன்றும் டானிக் சோல்-ஃபா முறையில்தான் படிக்கின்றன: டோ, ரே, மி என்று எழுதி, டோவை எந்தச் சுருதியிலும் வைத்துக்கொள்வது. ச-ரி-க-ம கற்ற பிள்ளைக்கு இது புது வீடே அல்ல. அதன் வழியாக ஐந்து கோட்டு இசைக்குறிப்புக்கு ஏறுவது, நேராக அதில் குதிப்பதைவிட எளிது. யூனிசா பல்கலைக்கழகமோ லண்டனின் டிரினிட்டி கல்லூரியோ நடத்தும் இசைத் தியரித் தேர்வுகளில் சில படிகளை முடித்து வைத்தால் விண்ணப்பத்திலும் எடுப்பாகத் தெரியும். டிரினிட்டியில் இசை நாடகத்துக்கென்றே படிநிலைத் தேர்வுகள் இருக்கின்றன.

தாளத்தில் நம் கை ஓங்கியிருக்கும். கண்டசாபு, மிஸ்ரசாபு பழகிய பிள்ளைக்கு ஐந்திலும் ஏழிலும் அமைந்த பாடல் தலைவலியே இல்லை. மேற்கத்திய நடன ஆசிரியர் எட்டு எட்டாக எண்ணுவார். ஆதி தாளம் தெரிந்தவருக்கு அதில் சொல்லித்தர என்ன இருக்கிறது?

உடலுக்கு வருவோம். அரைமண்டி பழகிய முழங்காலுக்கு பாலே வகுப்பின் 'ப்ளியே' எனும் முழங்கால் மடிப்பு அந்நியமாக இருக்காது. இடுப்பிலிருந்து கால்களை வெளியே திருப்புவது இரண்டிலும் உண்டு. ஆனால் பரதத்தில் எடை தரைக்குள் இறங்குகிறது, பாலேயில் மேலே எழுகிறது. ஜாஸ் நடனத்தில் தோள், விலா, இடுப்பு தனித்தனியே அசைய வேண்டும். கழுத்து அடவு செய்தவர்கள் இதைச் சீக்கிரம் பிடித்துக்கொள்கிறார்கள். சூலு ஆட்டத்தின் காலடியும் சுரங்கத் தொழிலாளர்கள் ரப்பர் பூட்ஸைத் தட்டி ஆடிய கம்பூட் ஆட்டமும் வகுப்பில் வரும்போது தட்டடவு போட்ட கால்கள் மகிழ்ந்துபோகும். பத்தாம் வகுப்பிலேயே வாரம் ஒரு பாலே, ஒரு ஜாஸ் வகுப்பைத் தொடங்கிவிடுங்கள். பரதத்தை நிறுத்தச் சொல்லும் ஆசிரியர் இருந்தால் ஆசிரியரை மாற்றுங்கள்.

அபிநயத்தைச் சின்னதாக்கவும் தெரிய வேண்டும். கோயில் மண்டபத்தின் பின்வரிசைக்கும் தெரிய ஏற்றிய புருவம், மூன்று மீட்டர் தூரத்தில் உட்கார்ந்திருக்கும் தேர்வாளருக்குக் கத்தல். ஒரே உணர்ச்சியை முழு அளவில், பாதி அளவில், கண்ணில் மட்டும் என்று மூன்று விதமாகச் செய்து ஃபோனில் பதிவுசெய்து பாருங்கள்.

'பாடிக்கொண்டே ஆடிக்கொண்டே நடிப்பதெல்லாம் வெள்ளைக்காரர் கலை' என்று வீட்டுப் பெரியவர்கள் சொன்னால் ஒன்றை நினைவூட்டலாம். 1860 நவம்பர் 16இல் ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து டர்பன் வந்து சேர்ந்ததற்குப் பின் வந்த கரும்புத் தோட்டத் தமிழர்கள் தெருக்கூத்தையும் கொண்டுவந்தார்கள். இங்கே அதற்கு 'சிக்ஸ் ஃபுட் டான்ஸ்' என்று பெயர். பாட்டும் ஆட்டமும் வசனமும் ஒரே ஆளிடம், விடிய விடிய. மூன்று திறமையும் சேர்ந்த கலைஞர் நம் பக்கம் புதிதல்ல.

நான்காம் படி: ஆடிஷன்

பொதுவாக இரண்டு பாடல்கள், ஒன்று விரைவானது, ஒன்று மெதுவானது, ஒரு வசனம், ஒன்றிரண்டு நிமிடம், ஒரு நடனச் சுற்று, சிறிய பேட்டி. துறைக்குத் துறை மாறும், அவர்கள் அனுப்பும் தாளை வரி வரியாகப் படியுங்கள்.

'பதினாறு பார்' என்று கேட்டால் பதினாறு பார்தான்; பார் என்பது இசைக்குறிப்பில் ஒரு தாளக் கட்டம். ஏறத்தாழ அரை நிமிடம். முன்னிசையில் பாதி நேரத்தைத் தின்ன விடாதீர்கள்; சுருதியைத் தரும் ஒரு ஸ்வரம் மணி போல ஒலித்தவுடன் பாட்டு தொடங்க வேண்டும். பாடலின் உச்சம் உள்ள பகுதியை எடுங்கள். போன ஆண்டு எல்லோரும் பாடிய புகழ்பெற்ற பாடலை விடுங்கள். உங்கள் வயதுக்குப் பொருந்தும் பாத்திரமாகவும் இருக்க வேண்டும். பதினேழு வயதில் மூன்று பிள்ளை பெற்ற தாயின் துயரத்தைப் பாட வேண்டாம்.

பியானோ வாசிப்பவர் அங்கே இருந்தால் அவரே உங்கள் முதல் நண்பர். நோட்டுத் தாள்கள் உங்கள் சுருதியில், இருபுறமும் அச்சிட்டு, வளையக் கோப்பில், பக்கம் புரட்ட வசதியாக இருக்கட்டும். தொடக்கமும் வெட்டும் முடிவும் பென்சிலால் தெளிவாகக் குறித்திருக்கட்டும். வேகத்தைச் சொல்ல விரல் சொடுக்காதீர்கள். அது அவருக்கு அவமரியாதையாகப் படும். முதல் இரண்டு பாரை மெல்லப் பாடிக் காட்டுங்கள். பின்னணி இசை கொண்டுவரச் சொன்னால் பாடகர் குரல் இல்லாத கோப்பை ஃபோனிலேயே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். வளாகத்து இணையத்தை நம்பாதீர்கள்.

வசனத்துக்குத் தென்னாப்பிரிக்க நாடகம் ஒன்றிலிருந்து எடுப்பது என் விருப்பம். அமெரிக்க உச்சரிப்பைப் போலி செய்துகொண்டு நிற்கும் பிள்ளையைவிட, டர்பன் இந்திய ஆங்கிலத்தில் உயிரோடு பேசும் பிள்ளையைத் தேர்வாளர் நினைவில் வைத்துக்கொள்வார். உச்சரிப்பை மாற்றவும் தெரியும் என்பதைப் பாட்டில் காட்டலாம். பேசும்போது தேர்வாளர் கண்ணைப் பார்க்காமல் அவர் தலைக்குச் சற்று மேலே ஒரு புள்ளியைப் பாருங்கள். 'இதையே கோபம் இல்லாமல், சிரிப்பை அடக்கிக்கொண்டு செய்யுங்கள்' என்பார்கள். அது குறை சொல்வதல்ல, சொன்னதைக் கேட்டு மாறக்கூடியவரா என்று பார்ப்பது. சரியாகச் செய்வதைவிட வேறாகச் செய்வது முக்கியம்.

நடனச் சுற்றில் உடலோடு ஒட்டிய உடை, ஜாஸ் ஷூ. சலங்கை வேண்டாம். அடி மறந்தால் நின்றுவிடாமல் தாளத்தோடு அடுத்த அடியில் சேர்ந்துகொள்ளுங்கள். பேட்டியில் பரதத்தைப் பற்றிக் கேட்டால் ஒரு நிமிடம் ஆடிக் காட்டத் தயாராக இருங்கள்; அவர்களே கேட்டால் மட்டும்.

டர்பனிலிருந்து பிரிட்டோரியா ஏறத்தாழ 600 கிலோமீட்டர், கேப்டவுன் 1,600. இரவு பஸ்ஸில் வந்து காலையில் பாடினால் குரல் எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. ஒருநாள் முன்னதாகப் போய்ச் சேருங்கள், அல்லது பதிவு அனுப்ப அனுமதி இருக்கிறதா என்று எழுதிக் கேளுங்கள். பதிவென்றால் ஃபோன் கிடைமட்டம், வெற்றுச் சுவர், முகத்துக்கு எதிரே சன்னல். பக்கத்து வீட்டு நாய் குரைத்தால் மறுபடி எடுங்கள்.

ஐந்தாம் படி: தேதிகள்

பள்ளி ஆண்டு ஜனவரியில் தொடங்கி டிசம்பரில் முடிகிறது. விண்ணப்பம் மெட்ரிக் ஆண்டின் நடுவிலேயே வந்துவிடும். ஆடிஷன் உள்ள துறைகள் மற்றவற்றைவிட முன்னதாக மூடுவது வழக்கம், ஆகவே மார்ச் மாதத்திலேயே ஒரு தாளில் எல்லாத் தேதிகளையும் எழுதி ஒட்டுங்கள். குவாசூலு-நேட்டால் மாகாணத்தின் அரசுப் பல்கலைக்கழகங்களுக்கு மத்திய விண்ணப்ப அலுவலகமான சிஏஓ வழியாக ஒரே விண்ணப்பம். மற்ற மாகாணங்களுக்குத் தனித்தனி. சில இடங்கள் என்பிடி எனும் தேசிய அளவிலான நுழைவுத் தேர்வும் கேட்கலாம். பதினொன்றாம் வகுப்பு மதிப்பெண்ணை வைத்துத்தான் முதல் அனுமதி தருவார்கள். அந்த ஆண்டை ஒத்திகைகளில் கரைத்துவிடாதீர்கள்.

ஆறாம் படி: பணம்

குடும்பத்தின் ஆண்டு வருமானம் 350,000 ராண்டுக்குள் இருந்தால் என்எஸ்ஃபாஸ் எனும் அரசு உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். மாற்றுத்திறனாளி மாணவருக்கு வரம்பு 600,000 ராண்ட். அரசுப் பல்கலைக்கழகத்தில் முதல் பட்டம் அல்லது பட்டயம் படிப்பவருக்குக் கல்விக் கட்டணத்தோடு தங்குமிடம், வாழ்க்கைச் செலவும் இதில் அடங்கும். தனியார் அகாடமிக்கு இது கிடைக்காது. குடும்ப வருமானம் வரம்புக்குள் இருக்கும் பிள்ளை அரசு நிறுவனத்தை முதல் விருப்பமாக வைப்பதற்கு இந்த ஒரு காரணம் போதும். பல்கலைக்கழக விண்ணப்பமும் என்எஸ்ஃபாஸ் விண்ணப்பமும் வேறு வேறு என்பதை மறந்துவிட்டு ஜனவரியில் ஓடும் பெற்றோர் ஒவ்வோர் ஆண்டும் இருக்கிறார்கள்.

கணக்கில் வராத செலவுகளும் உண்டு: ஷூக்கள், நாடக டிக்கெட்டுகள், பியானோ துணைக்கு ஆள், கணுக்கால் பிசகினால் பிசியோதெரபி.

ஏழாம் படி: முதலாண்டைத் தாண்டுவது

முதலாண்டில் நிறையப் பேர் குரலைக் கெடுத்துக்கொள்கிறார்கள். காலையில் நடனம், பகலில் உச்சரிப்பு வகுப்பு, மாலையில் ஒத்திகை, வெள்ளி இரவு கோயில் பஜனை, ஞாயிறு உறவினர் திருமணத்தில் பாட்டு. 'நம்ம பிள்ளை பாடத்தானே படிக்கிறது' என்று மைக்கைக் கையில் திணிப்பார்கள். தேர்வு மாதங்களில் மறுத்துவிடுங்கள். தைப்பூசத்துக்கு விரதமிருந்து காவடி எடுக்கும் பழக்கம் உண்டென்றால், விரதத்திலும் தண்ணீர் குடிப்பதைக் குறைக்காமல், ஆசிரியரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தொண்டைக் கரகரப்பு இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் காது மூக்குத் தொண்டை மருத்துவரைப் பாருங்கள்; மிளகுப் பால் அதற்குமேல் வேலை செய்யாது.

எழுத்துப் பாடங்களையும் ஒதுக்காதீர்கள். இந்த நாட்டில் இசை நாடகமும் பல்கலைக்கழகமும் அரசியலும் பின்னிப் பிணைந்தவை. 1959இல் 'கிங் காங்' என்ற ஜாஸ் இசை நாடகம் முதலில் மேடையேறியது விட்ஸ் பல்கலைக்கழகத்தின் கிரேட் ஹாலில். எல்லா இனத்தவரும் ஒன்றாக உட்கார்ந்து பார்க்க அங்கே முடிந்தது. அதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்து, டர்பன் துறைமுகத்தின் சாலிஸ்பரி தீவில் இந்தியர்களுக்கென்று தனிக் கல்லூரியை அரசு திறந்தது. நம் தாத்தா பாட்டி தலைமுறைக்கு எந்தத் துறை, எந்த வளாகம் என்று தேர்ந்தெடுக்கும் இடமே இருக்கவில்லை. இதையெல்லாம் படிக்காமல் அந்தக் காலத்துப் பாத்திரத்தை ஏற்று நடித்தால் வெறும் உடையலங்காரமாக நிற்கும்.

எட்டாம் படி: 'ஆடிப் பாடினால் சோறு கிடைக்குமா?'

அம்மா கேட்பது நியாயமான கேள்வி. நேரான பதில்: தொடர்ச்சியாகக் கிடைக்காது. டர்பனில் பிளேஹவுஸ், ஜோகன்னஸ்பர்க்கில் ஜோபர்க் தியேட்டரும் மாண்டிகாசினோவின் டீட்ரோவும், கேப்டவுனில் ஆர்ட்ஸ்கேப்பும் பாக்ஸ்டரும் பெரிய மேடைகள். ஒரு தயாரிப்பு முடிந்து அடுத்தது வரும்வரை பயணக் கப்பல்களில் மேடை நிகழ்ச்சி, நிறுவனங்களுக்குப் பாதுகாப்பும் உடல்நலமும் சொல்லிக்கொடுக்கும் தொழிற்கூட நாடகம், பள்ளிகளுக்குப் பாடநூல் நாடகம், குரல் கொடுப்பது, கற்பிப்பது என்று கலந்து வாழ்கிறவர்கள்தான் அதிகம்.

கற்பிப்பதற்கான வாசலைப் படிக்கும்போதே திறந்து வையுங்கள். பட்டத்துக்குப் பிறகு பிஜிசிஇ எனும் ஓராண்டு ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழை முடித்தால் பள்ளி ஆசிரியராகலாம். ஆனால் பள்ளியில் கற்பிக்கும் பாடங்கள் உங்கள் பட்டத்தில் இருக்க வேண்டும். நாடகத்தோடு ஆங்கிலத்தையோ இசிசூலுவையோ இரண்டாவது முதன்மைப் பாடமாக எடுத்தவருக்கு இடம் எளிதில் கிடைக்கும். முதலாண்டுப் பதிவு மேசையில் எடுக்கும் முடிவு இது, மூன்றாம் ஆண்டில் மாற்ற முடியாது.

சொந்தமாகத் தமிழ்ச் சங்க மண்டபத்தில் ஒரு இசை நாடகம் போட நினைத்தால், புகழ்பெற்ற வெளிநாட்டுப் படைப்பு என்றால் உரிமம் வாங்காமல் ஒத்திகைகூடத் தொடங்காதீர்கள். இங்கே பல படைப்புகளின் உரிமத்தை டால்ரோ அமைப்பு கவனிக்கிறது.

முதல் ஒப்பந்தம் கைக்கு வரும்போது, தென்னாப்பிரிக்க நடிகர் சங்கத்தில் சேர்ந்த ஒரு மூத்தவரிடம் காட்டிவிட்டுக் கையெழுத்திடுங்கள். நீங்கள் ஊழியர் அல்ல, தனி ஒப்பந்தக்காரர் என்று அதில் எழுதியிருக்கும். அப்படியானால் வேலையிழப்புக் காப்பீடு கிடையாது, வரிக் கணக்கு உங்கள் பொறுப்பு. ஒத்திகை வாரங்களுக்கும் கூலி உண்டா, நிகழ்ச்சி ரத்தானால் என்ன தருவார்கள், ஊர்விட்டு ஊர் போகும்போது தங்குமிடம் யார் செலவு என்ற மூன்றும் எழுத்தில் இல்லையென்றால் சேர்க்கச் சொல்லுங்கள்.